பேப்பர்ல அவ்ளோதான் போட்டுக்கீறான்

எங்கள் வீட்டுக்கு வந்த மாலைப் பேப்பரில் யாரும் செத்ததே கிடையாது. மந்தைவெளியில் மற்றவர்கள் வாங்கிய அதே பேப்பர்தான், அதே மை, அதே தாள். ஆனால் எங்கள் அத்தை அதை வாசிக்கும்போது அதில் விபத்து இருக்காது, கொலை இருக்காது, அரசியல்வாதிகள்கூடத் தலைகாட்ட மாட்டார்கள். அதற்குப் பதிலாக, காய்கறி லாரியில் ஏறி வேறு ஊருக்குப் போய்விட்ட பூனை ஒன்று நடந்தே வீடு வந்து சேரும். கடலில் விழுந்த கல்யாண மோதிரம் வஞ்சிர மீனின் வயிற்றிலிருந்து கிடைக்கும். திருட்டுப்போன சைக்கிள் புது மணியோடு வாசலில் வந்து நிற்கும். உலகத்தில் தினமும் இத்தனை அதிசயம் நடக்கும்போது நம் வீட்டில் மட்டும் ஏன் ஒன்றுமே நடக்கமாட்டேன் என்கிறது என்று எனக்கு அப்போது பெரிய குறை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா நர்ஸ். எந்த நேரம் வீட்டில் இருப்பாள், எந்த நேரம் ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்பது அவளுக்கே காலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். அப்பா கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டதும் மின்சார ரயில் பிடித்து மேற்கு மாம்பலம் போய், அங்கே யார் யாரோ வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு நான் தூங்கிய பிறகுதான் வருவார். என்னை அடுத்த தெரு மிஸ்ஸிடம் ட்யூஷனுக்கு அனுப்பியிருந்தார்கள், அதுவும் கணக்குக்கு. ஏன் இப்படி என்று கேட்டால், “சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தா கோவம்தாம்மா வரும்” என்பார். கோபம் வந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

அதனால் வீட்டில் எனக்கு இருந்தது அத்தை ஒருத்திதான். அப்பாவுக்கு அக்கா. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். மாமா கப்பலில் வேலை செய்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கப்பல்காரர் வீட்டுக்கு வெளிநாட்டு சாக்லேட் வரவேண்டாமா? வரவில்லை. போன் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை. ரொம்ப நீளமான கடல் போலிருக்கிறது, பாவம், கரையே வரவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெரியவர்கள் மழுப்புகிற இடத்தையெல்லாம் குழந்தைகள் தாங்களே பூசி அடைத்துவிடுவார்கள்.

அத்தைக்கு வாசிக்காவிட்டால் சோறு இறங்காது. மார்க்கெட் பக்கத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. சின்னக் கடைதான், உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். மாத நாவல்களை அங்கே அட்டை கிழியக் கிழிய வாடகைக்கு விடுவார்கள். அத்தை புத்தகத்தை எடுத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவாள். அங்கேயே நின்றபடி கடைசி அத்தியாயத்தை முழுக்க வாசிப்பாள். கதாநாயகன் செத்துப்போயிருந்தாலோ, ஊரைவிட்டுப் போனவன் போனவனாகவே இருந்தாலோ, புழு விழுந்த கத்திரிக்காயைத் திருப்பி வைப்பதுபோல வைத்துவிடுவாள். கடைக்காரருக்கு இது பழகிப்போய், “யக்கா, இத எடுத்துக்கினு போ. நடுவுல ரெண்டு கொலை கீது, ஆனா கடைசில அல்லாரும் வூடு வந்து சேர்ந்துடறாங்க” என்று எடுத்துக்கொடுப்பார். முடிவு தெரிந்துவிட்டால் கதையில் என்ன ருசி இருக்கும் என்று நான் கேட்டேன். முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாகப் படிக்க முடியும் என்றாள் அத்தை.

பேப்பருக்கும் ஒரு முறை இருந்தது. மாலையில் மாடிப்படிக் கம்பிக் கதவில் செருகிவிட்டுப் போவார்கள். அத்தை அதை எடுத்துவந்து ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஒரு பக்கத்தைப் பிரிப்பாள். சின்னச் சின்ன போட்டோக்கள் இருக்கிற பக்கம். அதை முதலில் மனசுக்குள் வாசிப்பாள். விரல் ஒவ்வொரு போட்டோவாக இறங்கும். உதடு அசையும், சத்தம் வராது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது. தண்ணீர் கேட்டாலும் கிடைக்காது. கடைசி போட்டோவைத் தாண்டியதும் பெருமூச்சு ஒன்று விட்டு, முகம் அப்படியே மலர்ந்து, “பாப்பா, இங்க வா. இன்னைக்கு நல்ல சேதி கீதுடி” என்பாள்.

பிறகு அதே பக்கத்தில், அதே போட்டோக்கள் மீது விரலை வைத்து உரக்க வாசிப்பாள். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பள்ளியில் இரண்டாவது பாடமாக ஹிந்தி எடுத்திருந்தேன். தமிழ் நம்ம வீட்டுப் பாஷைதானே, தானாக வந்துவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார். தானாக வந்தது பேச்சு மட்டும். பஸ்ஸைக்கூட நம்பரைப் பார்த்துத்தான் ஏறுவேன். ஆகவே அத்தை என்ன வாசித்தாளோ அதுதான் பேப்பர்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. எங்கேயோ ஓர் ஊரில் ஒருவர் பேப்பர் வாங்கிவருகிறேன் என்று வீட்டைவிட்டுப் போனவர், வருஷக்கணக்கில் காணாமல் போய், ஒரு நாள் அன்றைய பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து அலட்டிக்கொள்ளாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாராம்.

“அவரோட வைஃப் இன்னா கேட்டாங்க?” என்றேன்.

“சாப்டியான்னு கேட்டா.”

“எங்க போனேன்னு கேக்கலியா?”

“கேக்கல. தட்டு எடுத்து வெச்சா.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா அப்புறம்? பேப்பர்ல அவ்ளோதான் போட்டுக்கீறான்.”

எல்லாச் செய்தியும் இப்படித்தான் முடியும். போனது வரும், வந்ததும் சோறு போடுவார்கள், அத்தோடு சரி. அதற்கு மேல் அத்தையிடம் கேட்டால் கோபம் வரும்.

செவ்வாய்க்கிழமை தோறும் அத்தை அந்தோணியார் கோயிலுக்குப் போவாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார் என்பது எங்கள் சர்ச் பங்கில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். என் காம்பஸ் பாக்ஸைக்கூட அவர்தான் மீட்டுக் கொடுத்தார், பஸ் கண்டக்டர் மூலமாக. அத்தை ரொட்டி வாங்கிக்கொண்டு போய் வாசலில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, முட்டி வலிக்க வலிக்க நிற்பாள்.

“வாராவாரம் போறியே, அப்டி இன்னா தொலைச்சே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“குடை” என்றாள்.

“குடை அதோ ஆணில தொங்குது.”

“அது வேற குடைடி.”

ஒரு குடைக்கு இத்தனை மெழுகுவர்த்தியா என்று தோன்றியது. ஆனால் பெரியவர்கள் எதற்கு அழுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று யார் கண்டது?

இப்போது ட்யூஷன் கதைக்கு வருகிறேன். மிஸ் கதவைத் திறக்கும்வரை நாங்கள் மாடிப்படியில் காத்திருப்போம். படியில் எல்லோருக்கும் ஒரு இடம் உண்டு. மேல்படியில் ஒரு ரெட்டை ஜடைக்காரி உட்காருவாள். எங்களைவிட ஒரு வருஷம் பெரியவள், தமிழ் மீடியம், பேச்சில் கெட்டி. அவள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் அந்த உலகத்தில் எல்லாமே. நான் வெகுநாள் கீழே, செருப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் துணிந்து அத்தையின் பூனைச் செய்தியை எடுத்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் மோதிரம், அதற்கு மறுநாள் சைக்கிள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு படி ஏறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் ரெட்டை ஜடைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. பள்ளியில் மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

பேப்பர் வாங்கப் போன மனிதரின் கதையைச் சொன்ன அன்று அது கெட்டது.

“எல்லாம் டூப்பு” என்றாள் ரெட்டை ஜடை. “எங்க வீட்லயும் அதே பேப்பர்தான் வாங்கறோம். ஒரு நாளும் இப்டி வந்ததில்ல. நீ ரீலு உட்டுக்கினு கீறே.”

“சத்தியமா போட்டிருந்தாங்க. எங்க அத்தை வாசிச்சாங்க.”

“அப்ப வெட்டி எடுத்துக்கினு வா. இல்லாட்டி நாளையிலேர்ந்து கீழ உக்காரு.”

பழைய பேப்பர் வீட்டில் தங்காது. காலையிலேயே முனை பஜ்ஜிக் கடைக்குப் போய்விடும். புதுப் பேப்பர்தான் கதி. மறுநாள் செவ்வாய்க்கிழமை. பள்ளியிலிருந்து வந்தேன். அத்தை காபி கொடுத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். அவள் போன பிறகுதான் பேப்பர் வந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளைப்போலவே அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். வரிசையாகப் போட்டோக்கள். அவற்றில் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. மீசை வைத்த ஓர் ஆள், கண்ணை மூடிக்கொண்டு, ஜெபம் செய்வதுபோல. போட்டோவுக்குக் கண்ணை மூடுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. இதைவிட விநோதமான செய்தி இருக்க முடியாது என்று கத்தரிக்கோலை எடுத்து, கீழே இருந்த எழுத்தோடு சேர்த்து அழகாக வெட்டி, கணக்கு நோட்டில் வைத்துக்கொண்டேன். அத்தை வந்து வாசிப்பதற்குள் வெட்டிவிட்டோமே என்று ஒரு நிமிஷம் தயங்கியது உண்மை. திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டால் போகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மாடிப்படியில் அதை எடுத்து ரெட்டை ஜடையிடம் நீட்டினேன். அவள் பெரிய மனுஷி மாதிரி வாங்கி, “அடையாளம் தெரியாத…” என்று ஆரம்பித்தவள் வீலென்று கத்தித் தாளை உதறிவிட்டாள்.

“ஐயே! இது செத்தவன் போட்டோடி! போலீஸ்ல போடுவாங்களே, அது!”

ஆளுக்கொரு பக்கம் அலறிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். தாள் காற்றில் புரண்டு, படியில் இறங்கி, சாக்கடைக்குள் போனது. செத்தவனை எடுத்துவந்தவள் என்று யாரும் என் பக்கத்தில் வரவில்லை. மிஸ் வீட்டுக்குள்ளும் பாயில் என்னைச் சுற்றி இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அன்று போட்ட ஒரு கணக்கும் சரியாக வரவில்லை.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குக் கட்டிப்போன சேலையை இன்னும் மாற்றவில்லை. பேப்பரை விரித்து வைத்திருந்தாள். நான் வெட்டிய ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. விரல் அந்த ஓட்டையின் ஓரத்தில் நின்றிருந்தது.

“இங்க இருந்தது எங்கடி?”

அந்தக் குரலில் அவள் என்னோடு பேசியதேயில்லை. சாக்கடை என்றேன்.

“ஆம்பளையா, பொம்பளையா?”

“ஆம்பளை.”

“மீசை இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எத்தினி வயசு இருக்கும்? ஒங்கப்பா வயசு இருக்குமா?”

“ம்.” பிறகு அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். “அந்தப் பொண்ணு, செத்தவன் போட்டோன்னு சொல்லிட்டா அத்தை. இனிமே யாரும் என்கூட பேசமாட்டாங்க. நீ வந்து சொல்லு, அது நல்ல சேதிதான்னு சொல்லு.”

அத்தை எழுந்தாள். வீட்டைப் பூட்டவில்லை. என் கையைக்கூடப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கிப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று மார்க்கெட்டுக்கு ரிக்‌ஷா தேடுகிற அத்தை, அன்று ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பேப்பர் கடையில், “தீந்து போச்சேக்கா, மேட்ச் நியூசு, அல்லாரும் வாங்கிக்கினு போய்ட்டாங்க” என்றார்கள். சலூனில் பேப்பர் இருந்தது; ஆனால் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்ததில் சினிமாப் பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கம் பஜ்ஜிக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், “இன்னா யக்கா, இந்நேரத்துல?” என்றார்.

“இன்னிய பேப்பர் கீதா? உள்பக்கம் வேணும்.”

“படிச்சி முடிச்சி கிழிச்சிட்டேனே. இப்பதான் அந்த அண்ணனுக்கு அதுல மடிச்சிக் குடுத்தேன்.”

அந்த அண்ணன் ஓர் ஆட்டோ டிரைவர். ஆட்டோவில் சாய்ந்துகொண்டு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை நேரே அவரிடம் போய், “நைனா, அந்தப் பேப்பரைக் குடு” என்றாள். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் பஜ்ஜிகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தாளை உருவிக்கொண்டாள். மனிதர் சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றிக் குதித்தார்.

தாள் முழுக்க எண்ணெய். இந்தப் பக்கத்து எழுத்தும் அந்தப் பக்கத்து எழுத்தும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அத்தை கடை பல்புக்குக் கீழே அதைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணை மூடிய அந்த மீசைக்காரர் வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரிந்தார். அத்தையின் உதடு அசைந்தது. ஒருமுறை வாசித்தாள், மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

“வேற யாரோ” என்றாள். “வேற யாரோ, பாப்பா.”

கடைக்கு முன்னால் இருந்த கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீராக வழிந்தது. பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, அந்தப் போட்டோவுக்குச் சிலுவை போட்டு, “யார் பெத்த புள்ளையோ” என்றாள்.

“இன்னா யக்கா, பரிசு கிரிசு வுழுந்துச்சா?” என்றார் ஆட்டோக்காரர்.

“ஆமா நைனா” என்று சொல்லி, அவருக்கும் எனக்கும் சுடச்சுட பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

மறுநாள் மாடிப்படியில் யாரும் கேட்காமலேயே நான் நடந்ததைச் சொன்னேன். எங்கள் அத்தை எனக்காக மந்தைவெளி முழுக்கப் பேப்பர் தேடி ஓடியதை, ஆட்டோக்காரர் கையிலிருந்து தாளைப் பிடுங்கியதை, அவர் பஜ்ஜியோடு குதித்ததை. ரெட்டை ஜடை விழுந்து விழுந்து சிரித்தாள். இதற்கு அவள் ஆதாரம் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். எங்கள் வீட்டிலும் கடைசியில் ஒரு அதிசயம் நடந்துவிட்டது என்று நான் பெருமையாக உட்கார்ந்தேன்.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம்தான் அப்பா அதைச் சொன்னார், அதுவும் ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது பற்றிய பேச்சினிடையே. கப்பலாவது ஒன்றாவது. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பேப்பர் வாங்கிவருகிறேன் என்று மாமா தெருவில் இறங்கியிருக்கிறார். சண்டை இல்லை, கடன் இல்லை, ஒன்றுமில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தைதான் பின்னாலேயே ஓடி ஒரு குடையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

இப்போது நான் பெருங்குடியில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு. ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு போனில் விநோதச் செய்திகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். இப்போது தமிழும் நன்றாக வாசிப்பேன். காணாமல் போன பூனை ஒன்றிரண்டு நிஜமாகவே திரும்பியிருக்கிறது. மனிதர்கள் அவ்வளவாக இல்லை.

அன்று பஜ்ஜிக் கடையிலிருந்து திரும்பும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கை முழுக்க எண்ணெய். காலில் செருப்பு இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

“அத்தை, அந்தக் கண்ணு மூடின ஆளு வூட்டுக்கு வந்துட்டாரா?”

“வந்துட்டாருடி.”

“அவங்க வூட்ல இன்னா கேட்டாங்க?”

“சாப்டியான்னு கேட்டாங்க.”

“அப்புறம்?”

பேப்பரில் அவ்வளவுதான் போட்டிருக்கிறான் என்று அந்த ஒரு நாள் அவள் சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்காக ஒருத்தி செருப்புக்கூடப் போடாமல் தெருத்தெருவாக ஓடியிருக்கிறாள் என்ற சந்தோஷத்தில், அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, துள்ளித் துள்ளி நடந்தேன்.